ஹால் பேக் தைக்க 1000 டெனியர் கார்டுரா போதுமா? போதாது

கருங்கல்: ஹால் பேக் என்றால் பெரிய பாறைச் சுவர் ஏறுகிறவர்கள் தண்ணீரும் பொருளும் வைத்துக் கயிற்றில் மேலே இழுக்கும் பை. டெனியர் என்பது கனத்தின் அளவு. "பிவிசி எல்லாம் பழைய காலத்துச் சுமை, 1000 டெனியர் கார்டுராவே எல் கேப்பிட்டனுக்குத் தாராளம்" என்று வேறொரு விவாதத்தில் ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதை நம்பி இரண்டு பேர் துணி வாங்கக் கிளம்பிவிட்டார்கள். கார்டுரா என்ற நைலான் துணியின் நூல் சொரசொரப்பானது, எல் கேப்பிட்டன் பாறைச் சுவர் நிற்கிற யோசெமிட்டியின் கிரானைட் படிகங்கள் அதைக் கவ்விக்கொள்ளும். பிவிசி பூசிய பாலியெஸ்டர் வழுக்கும். ஹால் பேக் வழுக்க வேண்டும். பிவிசி துணி சதுர கஜத்துக்கு 18 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 610 கிராம். லாரிக்குப் போடும் கனமான தார்ப்பாய்த் துணி. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

இறகு: அந்த "ஒருவர்" நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாம், பயம் வேண்டாம். 1000 டெனியர் கார்டுரா சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 370 கிராம். உங்க தார்ப்பாயில் பாதிக்குக் கொஞ்சம் மேல. எல் கேப்பிட்டன்ல சோடியாக் மாதிரி வெளியே சாய்ஞ்ச பாதையில பை பெரும்பாலும் அந்தரத்துலதான் வரும். அங்க யாரு எதுல வழுக்கணும்? கிழியுமா கிழியாதாங்கிறதுல டெனியருக்குப் பெரிய பங்கு இருக்கு.

கருங்கல்: எல்லோரும் சோடியாக்கா ஏறுகிறார்கள்? அதே சுவரின் நோஸ் பாதையில் சிக்கிள் லெட்ஜ் என்ற திட்டு வரைக்கும் சரிவான பாறை. ஃப்ரீபிளாஸ்ட் பாதைப் பக்கமும் அப்படியே. நிறையத் தண்ணீர் இருக்கிற முதல் நாளில்தான் பை அந்தச் சரிவில் உரசிக்கொண்டு வரும். பை வழுக்க வேண்டும் என்று சொன்னேன், பதில் வரவில்லை.

எடைக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 45 செ.மீ. விட்டம், 90 செ.மீ. உயரம் என்றால் சுமார் 143 லிட்டர். தையல் ஓரம் சேர்த்து 1.6 சதுர மீட்டர் துணி. 610-க்கும் 370-க்கும் வித்தியாசம் 240 கிராம், 1.6-ஆல் பெருக்கினால் 384 கிராம். அரை லிட்டர் தண்ணீருக்கும் குறைவு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீரை இழுக்கிறவருக்கு இதுதான் சுமையாம்!

புதுக்கயிறு: ஒரு சந்தேகம். டெனியர் நூலோட கனமா, துணியோட கனமா? பிவிசி துணிக்குள்ளயும் 1000 டெனியர் நூல்தான்னு கடையில சொன்னாங்க. அப்ப ரெண்டும் ஒண்ணா?

இறகு: 384 கிராம் பெருசில்லைன்னு சொல்றவங்கதான் காரபினர் கொக்கிக்கு கிராம் எண்ணுவாங்க. சொரசொரப்புதான் பிரச்சினைன்னா 1050 டெனியர் பாலிஸ்டிக் நைலான் எடுங்க. வழவழப்பான நூல். இப்ப என்ன சொல்வீங்க?

கருங்கல்: பாலிஸ்டிக் வெட்டின ஓரம் பிரிந்துகொண்டே போகும். சூட்டுக் கத்தியால் ஓரத்தை உருக்கி, மேலே நாடா மடித்துத் தைக்க வேண்டும். பூச்சும் உள்பக்கம்தான், பாறையோடு உரசுவது வெறும் நூல். பிவிசியில் முதலில் தேய்வது பூச்சு. பூச்சுக்கு அடியில் வெள்ளை நூல் தெரிந்தால் அது எச்சரிக்கை. அதே துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, வினைல் பசை தடவி ஒட்டினால் பை மறுபடி வழுக்கும். பை வழுக்க வேண்டும்.

ஊசிக்காது: வழுக்குது வழுக்கலைன்னு ரெண்டு பேரும் பக்கச் சுவரையே பிடிச்சுத் தொங்குறீங்க. பை சாகிறது அடித் தையலில். அடி வட்டம் சுவரோடு சேருகிற விளிம்புதான் முதலில் தேயும், நூல் அறுந்ததும் அடி திறந்துகொள்ளும். அடியை ரெண்டு அடுக்காகப் போட்டு, தையல் ஓரத்தை உள்ளே தள்ளி, வெளியே ஒரு பட்டை மூடுங்கள். 25 மி.மீ. வெப்பிங் நாடா அடியைச் சுற்றி மறுபக்கம் மேலே வர வேண்டும், சுமை துணியில் தொங்கக் கூடாது. பிவிசியில் ஊசி ஓட்டை ஆறாது. அதனால் குண்டூசி குத்தாமல் கிளிப் போடுங்கள். அங்குலத்துக்கு 6 தையல் போதும், நெருக்கினால் தபால்தலை மாதிரி வரிசையாகக் கிழியும். தையல் மெஷினின் சாதாரண பாதத்தில் துணி ஒட்டிக்கொண்டு நகராது, டெஃப்ளான் பாதம் வேண்டும். நூல் 138-ஆம் நம்பர் பாண்டட் (பிசின் பூசிய) பாலியெஸ்டர், 22-ஆம் நம்பர் ஊசி.

இறகு: நைலான் நூல்தான் இழுத்தா நீண்டு கொடுக்கும். பாலியெஸ்டர் போடச் சொல்றது தப்பான யோசனை.

ஊசிக்காது: வெயிலில் நைலான் சீக்கிரம் வலு இழக்கும். பை நாள் முழுக்க வெயிலில் தொங்குகிறது. கப்பி பற்றிய பழைய விவாதத்திலும் இப்படித்தான் பாதி படித்துவிட்டு வந்தீர்கள்.

இறகு: கப்பி விவாதத்தை இங்க இழுக்காதீங்க. அதுல பாதியில ஓடிப்போனது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

சிக்கனம்: தேர்தல் முடிஞ்சா பழைய பிளக்ஸ் சும்மாவே கிடைக்கும். அதுவும் பிவிசிதானே? நாலு மடிப்பு போட்டுத் தைச்சா என்ன?

கருங்கல்: தயவுசெய்து வேண்டாம். பிளக்ஸ் என்பது மெல்லிய நூல்வலையின் இருபக்கமும் ஒட்டிய பிளாஸ்டிக் ஏடு. மடித்து மடித்து விரித்தால் ஏடு பிரியும், நூல்வலைக்கோ வலுவே இல்லை. நாலு மடிப்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழியும். மேலிருந்து பை விழுந்தால் கீழே ஆள் இருப்பார். தார்ப்பாயில் பூச்சு நெசவுக்குள் இறங்கிப் பிடித்திருக்க வேண்டும். வாங்குமுன் ஓரத்தில் நகத்தால் உரித்துப் பாருங்கள், ஏடாகப் பிரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

உள்ளே டப்பாக்களின் விளிம்புக்கும் பாறைக்கும் நடுவில் துணி நசுங்கினால் எந்தத் துணியும் ஓட்டையாகும். மூடிய செல் ஃபோம் (தண்ணீர் உறிஞ்சாத ஃபோம்) பாயைச் சுருட்டி உள்சுவராக நிறுத்துங்கள். இதைச் செய்தபின்னும் கார்டுரா படிகத்தில் மாட்டும். ஏனென்றால் அது வழுக்காது.

இறகு: ஃபோம் போட்டா கார்டுராவும் தாங்கும்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்.

கருங்கல்: நான் சொன்னதை ஒரு தடவையாவது முழுதாகப் படியுங்கள். மாட்டும் என்று எழுதியிருக்கிறேன், தாங்கும் என்று இல்லை.

புதுக்கயிறு: டெனியர் பத்திக் கேட்டிருந்தேன்...

ஊசிக்காது: நைலான் நூல் போட்ட பையை வெயிலில் விட்டவர் யாராவது இருந்தால் தையலை நகத்தால் இழுத்து, படம் எடுத்துப் போடுங்கள். இறகு பார்க்கட்டும்.

இறகு: படம் நானே போடுறேன். 1000 டெனியர், நைலான் நூல், நாளைக்கு.