பழைய டச்சுக் கையெழுத்து படிப்பவர்கள் உதவுங்களேன்

என் மனைவியின் தாய்வழிக் குடும்பம் கேப் டவுன். அவர்களுடைய முன்னோரில் ஒரு பெண் அடிமையாக அங்கே போனவர். டச்சுக் காலத்துச் சொத்துப் பட்டியல் ஒன்றில் அவரைக் கண்டுபிடித்தோம். செம்புக் கெண்டிக்கும் இரண்டு மாடுகளுக்கும் நடுவே ஒரே வரி: எசமானர் வைத்த பெயர், அப்புறம் ‘நாகப்பட்டினத்திலிருந்து’ என்று, கடைசியில் ரிக்ஸ்டாலரில் (அந்தக் காலத்து டச்சு நாணயம்) விலை. மனைவி அழுதுவிட்டாள்.

கேப்பில் அடிமைப் பதிவேடு 1816இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தியவர்களைத் தேட உயிலும் ஏலக் கணக்கும் விற்பனைப் பத்திரமும்தான் வழி. எசமானரின் உயில் நகல் கையில் இருக்கிறது, எழுத்துதான் பிடிபடவில்லை. அந்த அம்மாவுக்கு விடுதலை கொடுத்தாரா, தன் பிள்ளைகளுக்கு அவரைச் சொத்தாக எழுதிவைத்தாரா? படிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், படம் அனுப்புகிறேன்.

இன்னொன்று. நாகப்பட்டினம் அவர் பிறந்த ஊரா, கப்பலேற்றிய துறைமுகம் மட்டும்தானா? இதை எந்த ஆவணத்தில் பார்ப்பது?