குளிரில் குருத்து கழன்ற பனை: வெட்டுவதா, காத்திருப்பதா?

வணக்கம். குளிர்ப் பகுதியில் பனை வகைகள் வளர்ப்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

மரம் டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி என்ற குளிர் தாங்கும் விசிறிப் பனை, மண்ணில் நட்டது, தண்டு சுமார் ஒரு மீட்டர். குளிர்காலத்தில் மைனஸ் 11 டிகிரி வரை இறங்கியது. வேரூன்றிய மரத்துக்கு அது தாங்கக்கூடிய குளிர்தான், கெடுத்தது ஈரம். கொண்டையில் தேங்கிய மழைநீர் உறைந்து, இளகி, மறுபடி உறைந்ததில் குருத்து அழுகிவிட்டது. லேசாக இழுத்ததும் கையோடு வந்தது. அடிப்பகுதி பழுப்பாக, கொழகொழவென்று, நாற்றத்தோடு இருந்தது. சுற்றிலும் மட்டைகள் பச்சைதான், ஆனால் அதை நம்ப முடியாது. வளர்முனை, அதாவது புது ஓலை பிறக்கும் நுனி, செத்த பிறகும் ஓலை மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும்.

இதுவரை செய்தவை: அழுகலைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரை அடங்கிக் காய்ந்ததும் லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசல். மேலே மழை மறைப்பு உண்டு, பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. உரம் நிறுத்தியாயிற்று.

கேள்வி இதுதான். கொண்டையை மேலிருந்து சீவிக்கொண்டே வந்து வெள்ளைத் திசுவில் நிறுத்தலாம் என்கிறார்கள். பனைக்கு வளர்முனை ஒன்றே ஒன்று. அரை அங்குலம் கூடிப்போனாலும் மரம் போய்விடும். எந்த அறிகுறியைப் பார்த்து வெட்டத் தொடங்குவீர்கள்? புதுக் குருத்துக்கு எத்தனை மாதம் காத்திருக்கலாம்?

காப்பரை எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றுகிறீர்கள் என்பதும் வேண்டும், மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் பொருள் அது. பதிலோடு உங்கள் இடத்துக் குறைந்தபட்ச வெப்பநிலையையும் மண் வகையையும் எழுதுங்கள். களிமண் அனுபவம் மணல் மண்ணுக்குப் பொருந்தாது.