லினக்ஸ் போனை அன்றாடம் வைத்துக்கொள்ள முடியுமா? பட்டவர்கள் சொல்லுங்கள்

பாயான்லெப்பாஸ்_ஷிப்டு

என் மாமா மகன் படிப்பு முடித்து இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறான். முதல் சம்பளத்தில், ஆண்ட்ராய்டோ ஐபோனோ இல்லாமல், கணினிகளில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தையே வைத்து ஓடும் லினக்ஸ் போன்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அண்ணே, நீங்கள் வைத்திருந்தீர்களே, எப்படி என்று கேட்டான். மாமாக் என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக் தேநீர் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன், இரண்டாவது கிளாஸும் ஆறிப்போனதுதான் மிச்சம். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் சேர்த்துச் சொன்னால் அவனுக்கு உதவும்.

நான் புதிதாக எதுவும் வாங்கவில்லை. திரை ஓரத்தில் கீறல் விழுந்த பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று 250 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது, அதில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினேன். ஆல்பைன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து 2017-இல் தொடங்கிய திட்டம் அது. தயாரித்தவர்களே கைவிட்ட போன்களைப் பத்து வருடமாவது ஓட வைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. திரையில் தெரியும் முகப்புக்கு ஃபோஷ் என்ற மென்பொருள். முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. மடிக்கணினியிலிருந்தே போனுக்குள் நுழைந்து படங்களை இழுத்துக்கொள்கிறேன், பிடிக்காததை அழிக்கிறேன், பின்னால் என்ன ஓடுகிறது என்று வரிவரியாகப் பார்க்கிறேன். என் கையில் இருந்த எந்தப் போனும் அதுவரை எனக்கு இவ்வளவு கீழ்ப்படிந்ததில்லை.

அப்புறம்தான் அம்மாவின் அழைப்பு. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்துகொண்டிருந்தேன், போன் சட்டைப் பையில்தான் இருந்தது, மணி அடிக்கவே இல்லை. இறங்கித் திரையைத் தட்டினால் மூன்று தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து நிற்கின்றன. காரணம் பிறகுதான் விளங்கியது. சார்ஜை மிச்சப்படுத்த, திரை அணைந்து சற்று நேரத்தில் மொத்தக் கருவியும் உறங்கிவிடுகிறது. அழைப்பு வந்தால் மோடம் (சிம் வலையமைப்போடு பேசும் பகுதி) முதலில் பிராசசரை எழுப்ப வேண்டும், அது எழுந்து ஒலியைத் தயார்செய்து மணி அடிப்பதற்குள் அம்மாவுக்குப் பொறுமை போய்விடும். சரி, உறக்கமே வேண்டாம் என்று அமைப்பில் அணைத்து வைத்தேன். காலை ஷிப்டுக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் 15 சதவீதம். சார்ஜரையும் கையோடு தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

நம் மலேசியாவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2021 கடைசியோடு 3ஜி-யை மூடிவிட்டார்கள். 4ஜி-யில் பேச வோல்ட்டி (4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வசதி) வேண்டும், லினக்ஸ் ஏற்றிய எல்லாப் போனிலும் அது வேலை செய்யாது. இல்லையென்றால் பேச்சு 2ஜி-க்கு இறங்கிவிடும், பேசி முடிக்கும்வரை இணையமும் நின்றுவிடும். வழி கேட்டு அண்ணனுக்கு அழைத்தேன், வரைபடம் அப்படியே உறைந்துபோனது!

தமிழ் விஷயம் தனி. முதலில் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, நோட்டோ எழுத்துருவைப் போட்டதும் படிக்க வந்துவிட்டது. தட்டச்சுக்குத்தான் நாக்குத் தள்ளியது. அதில் உள்ள ஸ்க்வீக்போர்டு விசைப்பலகைக்கு ஒரு கோப்பு எழுதினால் வேண்டிய எழுத்தை வேண்டிய இடத்தில் வைக்கலாம் என்றார்கள், நானும் தமிழ்99 என்ற தமிழ் விசை வரிசையை உட்கார்ந்து எழுதினேன். மேல் வரிசையிலேயே பன்னிரண்டு எழுத்து, என் கட்டைவிரலுக்கு ஒவ்வொன்றும் அரிசி மாதிரி. அதைவிடக் கொடுமை, க தட்டி உ தட்டினால் ‘கு’ வர வேண்டுமில்லையா? ‘கஉ’ என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. சேர்த்துக் கொடுக்கும் மூளை அதற்குக் கிடையாது, தட்டியதை அப்படியே துப்பும். கடைசியில் துணையெழுத்துகளைத் தனிப் பக்கமாக்கி வைத்தேன். முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் இத்தனை வருடமாக யோசிக்காமல் தட்டிக்கொண்டிருந்தோமே, அதற்குப் பின்னால் எவ்வளவு வேலை இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டேன். என்னைத் திருப்பி அனுப்பியது வங்கிதான். 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ்-இல் வரும் ஓடிபி-யை வங்கிகள் கைவிட வேண்டும், ஒரு கணக்குதாரருக்கு ஒரே ஒரு கருவியில்தான் ஒப்புதல் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. மோசடிக்காரர்களைத் தடுக்க நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரே கருவி ஆண்ட்ராய்டோ ஐபோனோவாக இருந்தாக வேண்டும். வேட்ராய்டு போட்டால் லினக்ஸுக்குள்ளேயே ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி ஓடும், செய்தித்தாள் செயலி எல்லாம் அழகாகத் திறந்தது. வங்கிச் செயலி (எந்த வங்கி என்று கேட்காதீர்கள்) திறந்த வேகத்திலேயே, கருவி பாதுகாப்பானதில்லை என்று மூடிக்கொண்டது. ஆகவே இதற்கு முன் வைத்திருந்த போன் இன்னொரு பையில். இரண்டு மாதம் இரண்டு போனோடு திரிந்துவிட்டு, சிம்மை அந்த முந்தைய போனுக்கே மாற்றிவிட்டேன்.

கிழட்டுப்பென்குயின்

கோலாலம்பூரிலிருந்து. நான் 2009-இல் வந்த நோக்கியா என்900 வைத்திருந்தவன். மேமோ என்ற லினக்ஸ் ஓடியது, பக்கவாட்டில் இழுத்தால் விசைப்பலகை வெளியே வரும், அந்த ‘டக்’ சத்தத்துக்காகவே பத்துத் தடவை திறந்து மூடுவேன். அன்றிலிருந்து நல்ல லினக்ஸ் போன் அடுத்த வருடம் வந்துவிடும் என்று கேட்டுக்கொண்டே தலை நரைத்துவிட்டது. 2013-இல் உபுண்டு எட்ஜ் என்ற லினக்ஸ் போனுக்கு மக்களிடம் 3 கோடியே 20 லட்சம் டாலர் திரட்டப் பார்த்தார்கள், பாதிகூடத் தேறவில்லை. 2017-இல் உபுண்டு நிறுவனமான கனோனிக்கல் போன் பக்கமே வேண்டாம் என்று விலகியது, யூபிபோர்ட்ஸ் என்ற குழுவின் ஆட்கள்தான் அதன் போன் இயங்குதளமான உபுண்டு டச்சை எடுத்து வளர்க்கிறார்கள். அதே 2017-இல் லிப்ரம் 5 என்ற இன்னொரு லினக்ஸ் போனுக்கு 599 டாலர் என்று முன்பணம் வாங்கினார்கள், பிற்பாடு விலை அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியது. உன் மாமா மகனிடம் சொல், வரப்போவதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம், இன்றைக்கு என்ன வேலை செய்கிறதோ அதற்கு மட்டும் காசு கொடுக்கட்டும்.

செந்தூல்_டீச்சர்

தம்பி, நான் கணினி ஆள் இல்லை, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். என் தங்கை மகன் ஆர்வக்கோளாறில் என் பழைய போனில் உபுண்டு டச் போட்டுக் கொடுத்தான். பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா, ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் எல்லாம் வரும், விளம்பரத் தொல்லை இல்லை. ஆனால் பெற்றோர் குழு வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறது! உலாவியில் வாட்ஸ்அப் வெப் திறந்து கொடுத்தான். அதற்கும் உண்மையான போன் ஒன்று உயிரோடு இருக்க வேண்டும், 14 நாள் அதைத் தொடாமல் விட்டால் துண்டித்துவிடும். மழை நாளில் வகுப்பில் எடுத்த படங்கள் எல்லாம் சாம்பல் பூசிய மாதிரி வந்தன. ஒரு அம்மா, “டீச்சர், இதில் என் மகன் எங்கே இருக்கிறான்?” என்று கேட்டார். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

பல்குச்சி

எல்லாரும் அழுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். என்னிடம் பைன்போன் என்ற லினக்ஸ் போன் இருக்கிறது. 2020-இல் 2 ஜிபி ரேம் உள்ளதை 150 டாலருக்குக் கொடுத்தார்கள், நான் 3 ஜிபி உள்ளதை 200 டாலருக்கு எடுத்தேன். ஆல்வின்னர் ஏ64 என்ற பழைய சிப், உலாவியில் நாலு பக்கம் திறந்தால் மாட்டு வண்டிதான், அதை வாங்கும்போதே தெரியும். பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றினால் பேட்டரி கையோடு வரும். மூடிக்கு உள்ளே, மேல்பக்கத்தில் ஆறு குட்டி சுவிட்சுகள்: மோடம், வைஃபை, மைக், பின் கேமரா, முன் கேமரா, ஹெட்போன். விரல் போகாது, பல்குத்தும் குச்சியால்தான் தள்ள வேண்டும் (என் பெயர்க் காரணம் புரிந்ததா). மைக் சுவிட்சைத் தள்ளிவிட்டால் எந்தச் செயலி என்ன செய்தாலும் ஒலி போகாது, மின்சாரமே துண்டாகிவிடுகிறது. எந்த ஃபிளாக்ஷிப் போனில் இது இருக்கிறது சொல்லுங்கள் பார்ப்போம். எஸ்டி கார்டிலிருந்தே துவங்கும் என்பதால் கார்டுக்கு ஒரு லினக்ஸ் போட்டு மாற்றி மாற்றிப் பார்க்கிறேன், கெட்டுப்போனால் கார்டைப் பிடுங்கினால் முடிந்தது. இதை வைத்துத்தான் லினக்ஸே கற்றேன், இப்போது பார்க்கும் வேலையும் அதில்தான். ஆனால் சிம்? அது இன்னொரு போனில் லா.

ஜாலான்_ஈப்போ

ஒரே கேள்வி. பணம் கட்டும் டச் அண்ட் கோ செயலி ஓடுமா?

பாயான்லெப்பாஸ்_ஷிப்டு

அந்த ஈவாலட்டை நான் போட்டுப் பார்க்கவில்லை. டோலுக்கு அட்டை இருக்கிறது. நாசி கண்டார் கடையில் பின்னால் நிற்பவர்கள் எல்லாம் கியூஆர் படத்துக்குப் போனை நீட்டும்போது நான் மட்டும் பர்ஸைத் திறந்து சில்லறை எண்ணிக்கொண்டிருப்பேன், கடைக்காரர் எதுவும் சொன்னதில்லை.

புதுசம்பளம்

அண்ணே, நான்தான் அந்த மாமா மகன். டீச்சர் எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் பயம் வந்துவிட்டது, பல்குச்சி அண்ணன் எழுதியதைப் படித்ததும் மறுபடியும் ஆசை. இப்போதைக்குப் புதிதாக வாங்கவில்லை. உங்கள் அலமாரியில் சும்மா கிடக்கும் அந்தக் கீறல் போனைக் கொடுப்பீர்களா? அந்தத் தமிழ் விசைப்பலகைக் கோப்போடு.

பாயான்லெப்பாஸ்_ஷிப்டு

சனிக்கிழமை எனக்கு ஷிப்டு இல்லை, பசியாறிவிட்டு வா. கோப்பும் அதிலேயே இருக்கிறது, ழ மட்டும் இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும், இடமில்லாமல் அங்கே தள்ளினேன், முடிந்தால் நீ முன்னால் கொண்டுவா. உன் சிம்மை இப்போதிருக்கும் போனைவிட்டுக் கழற்றாதே. அத்தை அழைத்து நீ எடுக்கவில்லை என்றால் அடுத்த அழைப்பு எனக்குத்தான் வரும்.