புதுப்பிப்பு: ஊற்று வேலைக்கு வெளிநாட்டு மானியம்

கோத்தகிரிப் பக்கம் ஊற்றுகளை மீட்கும் எங்கள் சின்னக் குழு வெளிநாட்டு மானியம் வாங்க முடியுமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, விசாரித்துவிட்டேன். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவுக்குப் பொதுவாக 3 ஆண்டு இயங்கி 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும், பதிவுள்ள பெரிய அமைப்பு வாங்கி நமக்குப் பிரித்துக் கொடுக்கலாமே என்றால் அதையும் அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. வருத்தம்தான்.

சரி, நீங்கள் சொன்ன செவனிங், அதான் பிரிட்டனில் முதுகலை படிக்க அந்த நாட்டு அரசு தரும் உதவித்தொகை? அது அமைப்புக்கு இல்லை, தனி ஆளுக்கு. 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், படித்து முடித்ததும் நம் நாட்டுக்குத் திரும்பி 2 ஆண்டு இருக்க வேண்டும். ஊற்றில் குடம் நிரம்ப எத்தனை நிமிடம் என்று வாராவாரம் நோட்டில் குறிக்கும் எங்கள் தங்கச்சி விண்ணப்பிக்கிறாள். விண்ணப்பக் கட்டுரையை நேற்று ராத்திரிதான் திருத்தினோம்.