தனியார் பல்கலைக்கழகத்துக்குள் அரசு நிதியில் கல்லூரிகள் இயங்குவது எப்படி?

பாலக்கோடு வாசகர்:
பிளஸ் டூ முடித்த என் அண்ணன் மகள், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இளநிலை வேளாண்மைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். அது தனியார் பல்கலைக்கழகம் என்கிறார்கள். ஆனால் அதன் வேளாண்மைக் கல்லூரிக்கு நியூயார்க் மாநில அரசு பணம் தருகிறதாம். அப்படியானால் அக்கல்லூரி யாருடையது? கட்டணம் குறையுமா?

காவேரிப்பட்டினம் வாசகர்:
கார்னெலுக்குள் இத்தகைய கல்லூரிகள் நான்கு உள்ளன: கால்நடை மருத்துவம் (1894), வேளாண்மை (1904), இன்று மனிதச் சூழலியல் எனப்படும் மனையியல் (1925), தொழிலுறவு (1945). மாநிலச் சட்டமன்றம் இவற்றைச் சட்டம் இயற்றி நிறுவிவிட்டு, நடத்தும் பொறுப்பைக் கார்னெலிடம் ஒப்படைத்தது. ஆண்டுதோறும் மாநில நிதி, நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வழியாக வருகிறது. கல்லூரித் தலைவரைக் கார்னெலின் அறங்காவலர்கள் நியமித்தாலும், அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டும். மற்றபடி பேராசிரியர்கள் கார்னெலின் ஊழியர்களே. பட்டமும் கார்னெலின் பட்டமே. பணத்துக்கு ஈடாக மாநிலம் எதிர்பார்ப்பது பொதுப்பணி. நம் பையூர் ஆராய்ச்சி நிலையம் ‘பையூர் 2’ கொள்ளு ரகத்தை வெளியிட்டதைப் போல, 1880இல் மாநிலம் தொடங்கி 1923இல் கார்னெலுடன் இணைந்த, நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊரிலுள்ள வேளாண் ஆய்வு நிலையமும் ஆப்பிள், திராட்சை விவசாயிகளுக்காகப் புது ரகங்களை உருவாக்கி வருகிறது.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், கிருஷ்ணகிரி:
இதை நம் ஊர் நிதியுதவி பெறும் கல்லூரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே கல்லூரி தனியாருடையது, ஆசிரியர் சம்பளம் அரசினுடையது, பட்டம் தருவது பெரியார் போன்ற அரசுப் பல்கலைக்கழகம். அங்கே நிலைமை ஏறக்குறைய தலைகீழ். ஆனால் ஒரே வளாகத்துக்குள் இருவகைக் கணக்கு நடப்பது நமக்குப் புதிதல்ல. உதவிபெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் கட்டணம் வேறு, ஆசிரியர் சம்பளமும் வேறு. (எந்தப் பிரிவு என்று கேட்காமல் சேர்ந்துவிட்டு, கட்டண ரசீதைப் பார்த்துத் திகைத்த பெற்றோர் பலரைக் கண்டிருக்கிறேன்.)

பாலக்கோடு வாசகர்:
மிக்க நன்றி, ஐயா. கட்டணம் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டினம் வாசகர்:
இளநிலையில் கட்டணச் சலுகை நியூயார்க் மாநிலவாசிகளுக்கே உரியது, ஏனெனில் அவர்கள் வரிப்பணம்தான் அது. வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் கார்னெலின் மற்ற கல்லூரிகளுக்கு ஒப்பான முழுக் கட்டணமே கட்ட வேண்டும். ஆகவே, அரசு நிதி என்ற சொல்லை நம்பிச் செலவுத் திட்டம் போடாதீர்கள். உதவித்தொகைக்குத் தனியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.