கையால் சாயமிட்ட கம்பளி நூலில் சாயம் போகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எடின்பரோவிலிருந்து

நாவல்பழ நிறத்தில் மெரினோ ஆட்டுக் கம்பளியும் பட்டும் கலந்த ஒரு சிட்டம் (நூல் கட்டு) சந்தையில் வாங்கினேன். 100 கிராம், ஏறக்குறைய 400 மீட்டர். விலையைச் சொன்னால் அம்மா "இதுக்கு ஒரு புடவையே எடுத்திருக்கலாமே" என்பார், அதனால் சொல்லவில்லை. வெள்ளை நூலோடு சேர்த்துக் கோடு கோடாகச் சால்வை பின்னினேன். பின்னும்போதே விரல் நுனி ஊதாவானது. முடித்துத் தண்ணீரில் போட்டதும் வெள்ளைக் கோடெல்லாம் வெளிர் ஊதா! விற்றவரிடம் கேட்டால், "வினிகரில் ஊறவையுங்கள், நின்றுவிடும்" என்கிறார். ஊறவைத்தேன், நிற்கவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

டொராண்டோவிலிருந்து

நான் வீட்டின் அடித்தளத்தில் சிறிய அளவில் நூலுக்குச் சாயம் போட்டு விற்கிறேன். இந்த வினிகர் வைத்தியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். முதலில் ஒன்று: அந்தச் சால்வையைச் சூடான தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கம்பளிக்கும் பட்டுக்கும் நாங்கள் போடுவது பெரும்பாலும் ஆசிட் சாயம். அது இழையில் பிடிக்க அமிலமும் வேண்டும், சூடும் வேண்டும். சிட்ரிக் அமிலமோ வினிகரோ கலந்த தண்ணீரில் நூலைப் போட்டு, மெல்லிய தீயில் 80, 90 டிகிரிக்கு ஏற்றி, அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருப்போம். பாத்திரத்துத் தண்ணீர் தெளிந்துவிட்டால் சாயம் முழுக்க நூலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். டர்க்காய்ஸ் என்னும் பச்சை கலந்த நீலம் மட்டும் எளிதில் தெளியாது. அடர்ந்த சிவப்பு, ஊதா, கறுப்பிலும் சாயம் கூடிவிட்டால் மிச்சம் இழையின் மேலேயே தங்கிவிடும். அதை அலசி எடுக்காமல் விற்றால் வாங்கியவர் விரல்தான் ஊதாவாகும்.

பச்சைத் தண்ணீரில் வினிகர் விட்டால் சூடு இல்லாததால் மிச்சச் சாயம் சரியாகப் பிடிக்காது. அதே சமயம், அமிலம் இருக்கும் தண்ணீரில் மிதக்கும் சாயத்துக்கு வெள்ளைக் கம்பளியும் இடம்தான். வினிகரோடு சூடும் சேர்ந்தால் அந்த ஊதா வெள்ளையில் நிரந்தரமாகிவிடும். உங்களுக்கு வேண்டியது நேர்மாறானது. அமிலம் சேர்க்காத வெதுவெதுப்பான தண்ணீர் நிறைய எடுத்து, சலவை இயந்திரத்தில் போடுகிற சாயம் பிடிக்கும் தாளையும் போட்டு ஊறவையுங்கள். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். சாயக்காரர்கள் வைத்திருக்கும் சிந்த்ராபால் சோப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. கரைந்த சாயத்தைத் திரும்ப ஒட்டவிடாது. கசக்காதீர்கள், பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, விரித்துக் காயவையுங்கள்.

இன்னும் பின்னாத சிட்டமாக இருந்தால் கதையே வேறு: அமிலத்தோடு மறுபடி சூடேற்றி, அதே தண்ணீரில் ஆறவிட்டு அலசினால் போதும். பட்டு இருந்தால் கொதிக்க மட்டும் விடக்கூடாது, மினுமினுப்பு போய்விடும்.

சூப்பர்வாஷ், அதாவது இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்திய கம்பளி நூலில் நிறம் பளிச்சென்று ஏறும். குளோரின் கொண்டு இழையின் செதில்களைக் குறைத்து, மேலே மெல்லிய பிசின் பூசியிருப்பார்கள். அதனால் சிக்குப் பிடிக்காது, ஆனால் நனைந்தால் ஸ்வெட்டர் நீண்டு தொங்கும். சூப்பர்வாஷ் செய்யாத மெரினோவைச் சூட்டில் கலக்கினால் கெட்டித்துப்போய்க் கம்பளமாகிவிடும். எனக்குப் பிடித்தது என்னவோ இரண்டாவதுதான். நிறம் கொஞ்சம் அடங்கி நிற்கும்.

இன்னொன்று, சிட்டத்துக்குச் சிட்டம் நிறம் மாறும். உருகுவேயின் மலாப்ரிகோ மாதிரி பெரிய நூல் நிறுவனங்களிலும் இது உண்டு, கைவேலையில் அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். ஸ்வெட்டருக்கு வாங்கினால் இரண்டு சிட்டங்களை எடுத்து, இரண்டு வரிக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள். இல்லாவிட்டால் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு விழும்.

குன்னூரிலிருந்து

எங்களுக்குச் சாயத்தைவிடப் பெரிய தொல்லை பூச்சிதான். ஊட்டி பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஆட்டுப் பண்ணை இருக்கிறதே, அந்த நீலகிரி ஆட்டு நூல் கொஞ்சம் கிடைத்தது. கடுக்காயும் படிகாரமும் போட்டுச் சாயம் தோய்த்தேன், மங்கலான மஞ்சள் வந்தது. அழகாகத்தான் இருந்தது, மழைக்காலம் முடிவதற்குள் அந்துப்பூச்சியின் புழு தின்றுவிட்டது. இப்போதெல்லாம் துவைத்து நன்றாகக் காயவைத்த பிறகுதான் உள்ளே வைப்பது. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் புழுவுக்கு விருந்து. புதிதாக வரும் நூலைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கிறேன். வீட்டில் கேட்டால் மீன் என்று சொல்லிவிடுவேன்.

எடின்பரோவிலிருந்து

டொராண்டோ அக்கா, மிக்க நன்றி. தாள் போட்டு ஊறவைத்ததில் தாள்தான் ஊதாவானது! வெள்ளை முக்கால்வாசி திரும்பிவிட்டது, ஓரத்தில் மட்டும் லேசான சாயல் நிற்கிறது. இதே நிறத்தில் இன்னும் பிரிக்காத ஒரு சிட்டம் இருக்கிறது. அதைச் சூடேற்றச் சமையல் பாத்திரத்தை எடுக்கலாமா, தனிப் பாத்திரம் வாங்க வேண்டுமா?

டொராண்டோவிலிருந்து

தனிப் பாத்திரம்தான். ஸ்டீலாக வாங்குங்கள், கரண்டியும் தனி. அப்புறம் அதில் ரசம் வைக்கக் கூடாது.