பின்வாசல் மண்ணுக்கு எந்த மூடுபயிர் போடலாம்?

கெப்போங் மங்கை:
கோலாலம்பூர் கெப்போங்கில் வரிசை வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. பின்வாசலில் 18 அடிக்கு 7 அடி மண் கிடக்கிறது. மண் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஒரு சாண் தோண்டினால் ஓட்டுச்சில், சிமெண்டுக் கட்டி; அதற்குக் கீழே மஞ்சள் களி. மழையில் செருப்பைப் பிடித்துக்கொள்கிறது, மூன்று நாள் வெயிலில் அம்மிக்கல்லாகிறது. 60 வெள்ளிக்கு மூட்டை மண் வாங்கிப் பரப்பினேன். ஒரு வாரத்து மாலை மழை அதைக் கால்வாய்க்கு வழியனுப்பிவிட்டது. வெண்டை முழங்கால் உயரத்திலேயே மஞ்சளாகி நிற்கிறது. மூடுபயிர், அதாவது மண்ணை மூடி வளர்ந்து அதை வளமாக்கும் பயிர், போட்டால் மண் திருந்தும் என்கிறார்கள். எதைப் போடுவது? புதர் மண்டினால் பாம்பு வரும் என்று மாமியார் இப்போதே எச்சரித்துவிட்டார். அதற்கும் ஒரு பதில் சேர்த்துச் சொல்லுங்கள்.

பால்மரத்தான்:
மங்கையம்மா, நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். மரம் கன்றாக இருக்கும்போது வரிசைகளுக்கு நடுவே பியூரேரியா, கலோபோகோனியம், செண்ட்ரோசிமா என்று அவரைக் குடும்பத்துக் கொடிகளைக் கலந்து விதைப்பார்கள். சரிவு மண் மழையில் ஓடாது, லாலான் என்ற களைப்புல் தலைதூக்காது, காற்றிலிருக்கும் நைட்ரஜனும் மண்ணுக்கு வந்து சேரும். அந்தப் பாசத்தில், செம்பனைத் தோட்டத்தில் போடும் முக்கூனா கொடியில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொங்கலுக்கு வைத்தது, தீபாவளிக்குள் மாமரம் ஏறி அடுத்த வீட்டுத் துணிக்கம்பியைப் பிடித்துவிட்டது. என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். உங்கள் 7 அடிக்கு அது வேண்டாம்.

மளிகைக்கடைத் தட்டைப்பயறு போதும்; உடைக்காத முழுப்பயறாக வாங்குங்கள். ஓர் இரவு ஊறவைத்து, விரல்கணு ஆழத்தில், சாணுக்கு ஒன்றாக ஊன்றுங்கள். யூரியாவைக் கண்ணில் காட்டாதீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) சும்மா கிடைத்தால், அதைக் காற்றிலிருந்து பிடிக்கும் முடிச்சை வேரில் வைக்கச் செடி மெனக்கெடாது. ஐந்தாம் வாரம் ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பூத்ததும் தரையோடு அறுத்து அங்கேயே பரப்புங்கள். வேர் மண்ணிலேயே இருக்கட்டும். காய்க்கட்டும் என்று காத்திருந்தால் சத்து பயறுக்குப் போய்விடும், பயறு உங்கள் வயிற்றுக்குப் போய்விடும். பாம்புக்குப் பதில்: மதிலோரம் ஓரடி வெறுமையாக விடுங்கள், தரை கண்ணுக்குத் தெரியும்.

ஆயர் ஈத்தாம் கனகா:
அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் விதைக்கும் முன் அந்த மஞ்சள் வெண்டையில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். பினாங்கில் என் வீட்டில் இதைச் செய்யாமல் ஒரு வருடத்தை வீணாக்கினேன். வேரில் வீக்கம் இருக்கிறதா? பயறின் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழு, அதாவது வேருக்குள் புகும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழு, உண்டாக்கும் வீக்கம் அப்படியில்லை. வேரே பருத்திருக்கும், தேய்த்தாலும் வராது. வெண்டையும் அந்தப் புழுவுக்கு விருந்து, தட்டைப்பயறும் பெரும்பாலும் விருந்து. புழு இருந்தால் சணப்பு என்ற பசுந்தாள் உரச்செடி போடுங்கள். அதன் வேரில் அது எளிதில் பெருகாது. விதையை இந்தியாவிலிருந்து வரும் உறவினர் பையில் வரவழைக்காதீர்கள், அதற்கு அனுமதி வேண்டும். இங்கேயே இணையத்தில் தேடுங்கள்.

அப்புறம் நத்தை. என் முதல் விதைப்பை இரண்டே இரவில் மேய்ந்துவிட்டன. இரவு 9 மணிக்கு டார்ச்சும் வாளியுமாகப் பொறுக்குவேன், கையுறை இல்லாமல் தொடமாட்டேன். அறுத்த தழையை மண்ணுக்குள் புரட்டினால் 2, 3 வாரம் பொறுங்கள். பச்சையாக அழுகும் மண்ணில் விதை சரியாக முளைக்காது.

கெப்போங் மங்கை:
இன்று காலை பிடுங்கினேன். வேர் சிறிய இஞ்சிக் கிழங்குபோலக் கணுக்கணுவாகப் பருத்திருக்கிறது. தேய்த்தேன், உதிரவில்லை. நேற்று இரவு ஊறவைத்த தட்டைப்பயறு குழம்புக்குப் போயிற்று; மாமியாருக்கு அதில் மட்டும் மகிழ்ச்சி. வெண்டை மொத்தத்தையும் வேரோடு எடுத்துக் குப்பைப் பையில் கட்டிவிட்டேன். சணப்பு ஆளுயரம் வளருமாமே? பாம்பு வாதம் மறுபடி கிளம்பும். நடுவில் நுனியை வெட்டினால் துளிர்க்குமா, கனகாக்கா?

ஆயர் ஈத்தாம் கனகா:
முழங்கால் அளவுக்குத் தண்டை விட்டு வெட்டுங்கள், துளிர்க்கும். தண்டு முற்றவிட்டால் நாராகிக் கத்தரிக்கோலுக்கு மசியாது. நாரெடுத்துக் கயிறு திரிக்கும் செடி இது என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் மரியாதை கிடைக்கலாம்.